நூற்று நாற்பது சென்டிமீட்டர்

மார்ச் 3, ஞாயிறு

ஹெப்சி 135.4. போன ஞாயிறும் இதே 135.4. சுவரில் குதிகால் ஒட்ட நிற்க வைத்து, தலைமேல் அட்டை வைத்து இரண்டு முறை அளந்தேன். மாறவில்லை.

இது கம்பெனியில் கொடுத்த டைரி. தையல் லைன் சூப்பர்வைசர்களுக்கு வருஷம் ஒன்று தருவார்கள். ஒரு ஷிப்டுக்கு எத்தனை ஜோடி ஷூ முடிந்தது என்பதை இப்போது கம்ப்யூட்டரில் போடுவதால் இதற்கு வேலையில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மத்தியானம் மாமாவும் சுகிர்தா அக்காவும் மகளோடு வந்தார்கள். மாமா என் வீட்டுக்காரரின் அண்ணன், அக்கா அவர் மனைவி. மே மாதம் இரண்டு குடும்பமும் சேர்ந்து மைசூர், குடகு, ஊட்டி என்று ஒரு வாரம் போகிறோம். எந்த நாள் எந்த ஊர் என்று மாமா ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி வந்திருந்தார். படித்து முடித்ததும் நான் கேட்டேன்.

"மாமா, பெங்களூர் தாண்டி மைசூர் ரோட்டுலயே அந்த தீம் பார்க் இருக்குதே. போற வழிதான். முதல் நாள் பகல்ல அங்க எறங்கிட்டு சாயங்காலம் மைசூர் போயிடலாமே."

மாமா தாளைப் பார்த்தார். அக்கா ஹெப்சியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அங்க ஹெப்சிக்குக் கஷ்டமா இருக்குமே ரூபா."

"இருக்காதுக்கா."

"போன தடவ..."

"போன தடவ அவளுக்குப் பத்து வயசு. இப்ப பன்னெண்டு."

அக்கா மகள் ஷரோன் உடனே குதித்தாள். அவளும் என் மகள் ஹெப்சியும் நான்கு மாத வித்தியாசத்தில் பிறந்தவர்கள். அக்கா நல்லவள்தான். அவள் குரலில் இருக்கும் அந்த இரக்கம்தான் எனக்கு ஆகாது.

மாமா கட்டத்துக்குள் சின்ன எழுத்தில் 'பார்க், ஆறு மணி நேரம்' என்று எழுதிக்கொண்டார். எல்லாரும் போன பிறகு என் வீட்டுக்காரர் கேட்டார்: "இப்ப இன்னாத்துக்கு ரூபா இது?"

பாத்திரம் கழுவ வேண்டியிருந்தது. எழுந்து போய்விட்டேன்.

மார்ச் 4, திங்கள்

லைனில் ஐந்து பேர் வரவில்லை. நானே மிஷினில் உட்கார்ந்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

135.6.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சென்னைப் பக்கம் ஒரு பார்க்குக்குப் போயிருந்தோம். வாசலில் ஒரு பலகை. நூற்று நாற்பது இருந்தால் கையில் நீலப் பட்டை, இல்லாவிட்டால் மஞ்சள். ஷரோனுக்கு நீலம். ஹெப்சி அப்போது 121. மஞ்சள் கட்டினார்கள். பெரிய ராட்டினம், தலைகீழாகச் சுற்றும் ரயில் எதிலும் ஏற்றவில்லை. ஒரு குடைக்குக் கீழே நானும் அவளும் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பாவம், குழந்தை வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அந்த மூன்று மணி நேரம் மறக்காது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இவளை ஒருநாள் நீலப் பட்டையோடு ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை என்று.

அதற்குச் சில மாதம் முன்புதான் வேலூர் ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்திருந்தார்கள். வளர்ச்சிக்கான ஹார்மோன் அவளுக்குச் சுரப்பது குறைவு. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு, சாப்பாட்டுக்குப் பின் ஒரு ஊசி. பேனா மாதிரி இருக்கும். நான்தான் போடுகிறேன். ஒருநாள்கூட விட்டதில்லை. என் அப்பா இறந்த அன்று, சாவு வீட்டின் பின்கட்டில் வைத்துப் போட்டேன்.

முதல் தடவை போனபோது டாக்டர் கேட்டார், "வளர்ச்சி குறையுதுன்னு எப்ப கவனிச்சீங்க?" பத்து வயதில் என்று சொன்னேன். ஆஸ்பத்திரி ஃபைலிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

மார்ச் 22, வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் பார்க்குக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். அரைகுறைத் தமிழ்.

"பெரிய ரைடுக்கு உயரம் எவ்ளோம்மா?"

"ஒன் ஃபார்ட்டி, மேடம்."

"செருப்பைக் கழட்டிட்டு அளப்பீங்களா?"

"இல்ல மேடம். ஷூ போட்டுக்கிட்டே நிக்கலாம்."

அதைக் கேட்டதும் எனக்குச் சோறு இறங்கியது.

ஏப்ரல் 7, ஞாயிறு

136.1. மே பதினாலு கிளம்புகிறோம், அதற்குள் இன்னும் ஒன்று ஏறினால் 137. மருந்துக்கு என் அவசரம் தெரியாது.

முட்டை, பால், கம்பியில் தொங்குவது எல்லாம் நடக்கிறது. கம்பியில் தொங்கும்போது, "அம்மா, இதுல கைதான் நீளும்" என்கிறாள். அவளுக்கு எல்லாம் விளையாட்டு.

ஏப்ரல் 24, புதன்

ஷூவுக்கு அடியில் சோல் இரண்டரை சென்டிமீட்டர் தடிமன் இருக்கும். அது போதாது. வாசலில் அரை சென்டிமீட்டரில் திருப்பி அனுப்பினால் அதைவிடக் கேவலம் இல்லை. உள்ளே ஒரு அட்டை வேண்டும், இரண்டு சென்டிமீட்டராவது. கணுக்கால் மூடும் ஷூவாக இருந்தால் வெளியே தெரியாது.

மாதிரி ஷூ செய்யும் அறைக்குப் போனேன். அங்கே முனீர் பாய் முப்பது வருஷமாக இருக்கிறார். வெளிநாட்டுக்காரன் படம் காட்டினால் போதும், சாயங்காலத்துக்குள் ஷூவாகத் தந்துவிடுவார்.

"பொண்ணுக்குக் குதிகால் வலி பாய். உள்ள வெக்கிறாப்ல ஒண்ணு வேணும். கொஞ்சம் உசரமா."

"எந்தக் கால்ல வலி?"

"ரெண்டுலயும்."

பாய் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ரெண்டு கால்லயும் ஒரே அளவு வலியா, ரூபா?"

நான் அளவை எழுதி நீட்டினேன். கார்க்கும் ரப்பரும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் இழைத்துக் கொடுத்தார். மேலே மெல்லிய தோல். கம்பெனியிலேயே போட்டு வந்த மாதிரி இருக்கிறது. கொடுக்கும்போது, "இத வெச்சிகினு ஓடச் சொல்லாத. கால் மடங்கிக்கும்" என்றார்.

மே 5, ஞாயிறு

136.9. புது ஷூவைப் போட்டு அளந்தால் 141.3.

ஹெப்சி கூடத்தில் இரண்டு சுற்று நடந்தாள். "மலைமேல நிக்கிறாப்ல இருக்குது" என்றாள். கால் வலிக்காமல் இருக்க என்று சொன்னேன். ஷூவைக் கழற்றி உள்ளே விரல்விட்டுப் பார்த்தாள். கெட்டிக்காரப் பெண், புரிந்துகொண்டிருப்பாள். தினமும் அரை மணி நேரம் போட்டு நடக்கச் சொல்லியிருக்கிறேன்.

மே 13, திங்கள்

ஊசிப் பேனா இரண்டு. ஊசி முனை பத்து. ஐஸ் பெட்டி, ஐஸ் கட்டிப் பை நான்கு. மாமாவிடம் எல்லா லாட்ஜிலும் ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லியாயிற்று. குடகில் இல்லையாம், சமையல்கட்டில் வைத்துத் தருவார்களாம். ஸ்வெட்டர் ஐந்து. புளிச்சோறு. வெள்ளை ஷூ.

மே 14, செவ்வாய் (மைசூர் லாட்ஜ்)

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஐந்தரைக்கு வேன் கிளம்பியது. கிருஷ்ணகிரியில் இட்லி. பதினொன்றரைக்குப் பார்க்கில் இறங்கினோம். வாசலில் அதே மாதிரி பலகை, கையில் கோலோடு ஒரு பெண். ஷரோன் போனாள், நீலம். ஹெப்சி போய் நின்றாள். நிமிர்ந்து நில் என்று நான் சொல்லவில்லை, அவளே நின்றாள். கோல் அவள் உச்சந்தலைக்குச் சற்றுக் கீழே மோதி நின்றது. நீலப் பட்டை.

சுகிர்தா அக்கா என் முதுகில் கை வைத்தாள். கையைத் தட்டிவிடத் தோன்றவில்லை.

தலைகீழாகச் சுற்றும் ரயிலுக்குத்தான் முதலில் போனார்கள். முக்கால் மணி நேர வரிசை. ஆண்கள் டீ குடிக்கப் போக, நானும் அக்காவும் பைகளோடு கீழே கம்பி ஓரம் நின்றோம். மேலே ஏறும் மேடை அங்கிருந்து நன்றாகத் தெரியும். ஒவ்வொரு தடவை வண்டி போகும்போதும் வரிசை கொஞ்சம் நகரும். இருவரும் முன்னால் வந்துவிட்டார்கள். ஷரோன் ஏறி உட்கார்ந்தாள். செல்போனைத் தூக்கிப் பிடித்தேன்.

ஹெப்சி குனிந்தாள். லேஸ் அவிழ்ந்துவிட்டது போல என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது இரண்டு ஷூவும் அவள் கையில் இருந்தன. சாக்ஸோடு நடந்து போய், மேடையில் நின்ற பெண்ணிடம் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் அவளை அங்கிருந்த அளவுக் கம்பத்தில் நிறுத்திப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். கத்தரிக்கோலால் பட்டையை வெட்டினாள். ஷரோன் எழப் பார்த்தாள், ஹெப்சி வேண்டாம் என்று கை காட்டினாள். வண்டி போய்விட்டது. ஹெப்சி பக்கத்துப் படியில் இறங்கி வந்தாள்.

"இன்னாடி பண்ண?"

"கழட்டிக் காட்டினேன்."

"ஒன்ன யாரு கேட்டா? பட்டைதான் கட்டிட்டாங்களே."

"கட்டிட்டாங்க." பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைப் பக்கத்தில் வைத்தாள். "எங்களுக்கு முன்னாடி ஒம்பது தடவ வண்டி போச்சும்மா. பாத்துகினே இருந்தேன். மேலருந்து ஒரு கம்பி வந்து தோள்மேல உக்காருது. அதுதான் புடிச்சிக்குது. ஷூ உசந்தா உக்காரும்போது தோள் உசருமா?"

வண்டி எங்கள் தலைக்கு மேல் கவிழ்ந்து போயிற்று. எல்லாரும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கத்தினார்கள். அவர்களைப் பிடித்திருந்தது அந்தக் கம்பி ஒன்றுதான். பார்க்குக்குப் போன் செய்தேன், பாயிடம் போனேன், வாராவாரம் அளந்தேன். ஏன் நூற்று நாற்பது என்று வைத்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா?

"பயந்துட்டியா?" என்று கேட்டேன். அதைத்தான் கேட்க வந்தது.

"இல்ல. ரொம்ப ஆசையா இருந்துச்சு."

அக்கா எழுந்து ஐஸ்கிரீம் வாங்கப் போனாள். எங்களைத் தனியாக விடத்தான் போனாள் என்று தெரியும்.

"போன தடவ நீ அழுதத நான் மறக்கல ஹெப்சி. அதான்..."

"நான் எங்க அழுதேன்? பாப்கார்ன் துன்னுகினு கொரங்கு வந்து எல்லார் பையையும் இழுக்கறதப் பாத்துகினு இருந்தேன். நீதான் அழுத."

பாப்கார்ன் வாங்கியதும், குரங்கு வந்ததும் அவள் சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஷரோன் தள்ளாடிக்கொண்டு வந்தாள். "சித்தி, நான் எறங்கத்தான் பாத்தேன். அவதான் உடல" என்றாள். பிறகு இரண்டு பேரும் மஞ்சள் பட்டைக்கு விடுகிற எல்லாவற்றிலும் ஏறினார்கள். எண்ணினேன், பதினொன்று. கப்பல் மாதிரி ஆடும் ஒன்றுக்கு ஹெப்சி என்னையும் பிடித்து இழுத்துப் போனாள். அது நின்றபோது அவள் கையை நான் இறுகப் பிடித்திருந்ததில் என் நகம் பதிந்திருந்தது.

வேனில் இவர் அந்த ஷூவை எடுத்து உள்ளே கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"முனீர் பாய் வேலைதானே?"

"ஆமா."

ஷூவைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினார்.

மே 15, புதன் (மைசூர்)

அரண்மனை. மிருகக்காட்சி சாலை. கால் வலி. பார்க்கில் நடந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. அக்காகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மே 16, வியாழன் (குடகு)

சமையல்கட்டு ஃபிரிட்ஜிலிருந்து பேனாவை வாங்கி வந்து எட்டு மணி ஊசியைப் போட்டேன். இவர் மாமாவோடு வராந்தாவில் இருந்தார். ஹெப்சி சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏம்மா அந்த நீலப் பட்டை மேல ஒனக்கு அவ்ளோ பிடிவாதம்? எனக்கே அவ்ளோ இல்லியே."

சொல்லிவிடுவது என்று மைசூரிலேயே முடிவு செய்திருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியாமல் இருந்தது. அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"ஒனக்கு எட்டு வயசுல ஸ்கூல்ல டாக்டருங்க வந்து எல்லாப் பசங்களையும் பாத்தாங்க. ஒன் உசரம் கம்மியா கீது, பெரிய ஆஸ்பத்திரில காட்டணும்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. நீதான் கொண்டாந்து குடுத்த."

"ஞாபகம் இல்ல."

"நான் கூட்டிகினு போவல. அப்பதான் என்னை சூப்பர்வைசர் ஆக்கினாங்க. மொதல் மூணு மாசம் லீவே போடக்கூடாதுன்னாங்க."

"அப்புறம்?"

அப்புறம் லீவு கிடைத்தது. முதலில் கிடைத்த இரண்டு நாளில் சித்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். தானாக வளர்வாள் என்று சொல்லிக்கொண்டேன். என் பெண்ணுக்கு ஒரு குறை என்று யாரும் எழுதித் தரக் கூடாது என்றும் நினைத்தேன். சீட்டைப் பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துவிட்டேன். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

"எவ்ளோ நாளு?"

"ரெண்டு வருஷம் நாலு மாசம்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. பத்து வயசுலதான் கவனிச்சோம்னு சொல்லிட்டேன்."

அவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மே 17, வெள்ளி (குடகு)

நாள் முழுக்க மழை. ஹெப்சி வேனில் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊசியை அப்பாவிடம் போட்டுக்கொண்டாள். அவர் இதுவரை போட்டதில்லை. அவள்தான் எப்படி என்று சொல்லிக்கொடுத்தாள்.

மே 18, சனி (ஊட்டி)

பூங்காவில் கூட்டம். மற்றவர்கள் ரோஜாவைப் பார்க்க மேலே ஏறிப் போக, இவரை ஒரு மரத்தடியில் நிறுத்தினேன். சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

அவர் என்னை விட்டு நடந்து போனார். சரிவில் இறங்கி, குளம் வரை போய் நின்றது தெரிந்தது. அப்படியே பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டாலும் நான் ஒன்றும் கேட்க முடியாது. பத்து நிமிஷம் கழித்து வந்தார். முகம் சிவந்திருந்தது.

"எங்கிட்ட மறைச்சியே, அது வேற. அத நான் அவ்ளோ சீக்கிரம் மறக்க மாட்டேன்" என்றார். பிறகு, "அந்த ரெண்டு வருஷமும் நானும்தான் வீட்ல இருந்தேன். ஷரோன் பக்கத்துல அவ நிக்கறத நானும்தான் பாத்தேன். சீட்டு வந்தாதான் தெரியணுமா?"

ராத்திரி லாட்ஜில் ஹெப்சி என் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தாள். இரண்டு நாள் கழித்து.

"அப்பவே ஊசி போட்டிருந்தா இப்ப எவ்ளோ இருப்பேன்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதான் அது.

"சரியாத் தெரியாது. ஏழெட்டு சென்டிமீட்டர் கூட இருந்திருக்கலாம்."

விரலை விரித்து அளவு பார்த்தாள். சுண்டு விரலிலிருந்து பெருவிரல் வரை என்பது அதிகம் போல, கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.

"இவ்ளோ."

"ஆமா."

"எனக்குக் கோவம் இன்னும் போவல."

"போவ வேணாம்."

"டாக்டர்கிட்ட நீயே சொல்லணும். நான் பக்கத்துல இருக்கும்போதே சொல்லணும். அப்புறம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அளக்கக் கூடாது. எனக்குப் பரிட்சை மாதிரி இருக்குது."

சரி என்றேன். பேனாவை அவளே எடுத்தாள். முனையை மாட்டினாள், அளவைத் திருப்பினாள், தொடையைப் பிடித்துக்கொண்டாள். நான் கையை மடியில் கட்டிக்கொண்டேன். உதவிக்குப் போகவில்லை. குத்தி, பத்து எண்ணிவிட்டு ஊசியை வெளியே எடுத்தாள். ஒரு சொட்டு ரத்தம். துடைத்துக்கொண்டு ஷரோன் அறைக்குப் போனாள்.

மே 21, செவ்வாய்

நேற்று ஊர் வந்து சேர்ந்தோம். இரண்டு பக்கெட் துணி. சாப்பாட்டு நேரத்தில் முனீர் பாயிடம் அட்டைகளைக் கொடுத்து, எதற்கு வாங்கினேன் என்பதைச் சொன்னேன். "எனக்கு அன்னைக்கே தெரியும். நானும் செஞ்சிருக்கக் கூடாது" என்று சொல்லி இரண்டையும் கத்தியால் கீறிக் குப்பையில் போட்டார்.

ஜூன் 6, வியாழன்

லீவு போட்டேன். மூன்று பேரும் வேலூர் போனோம்.

கூட்டம். எங்கள் எண் நாற்பத்திரண்டு. உள்ளே போனதும் டாக்டர் வழக்கம்போல் ஊசி ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார். ஹெப்சி, "இப்ப நானே போட்டுக்கறேன்" என்றாள். நல்லது என்று எழுதிக்கொண்டார். ஹெப்சி என்னைப் பார்த்தாள்.

"டாக்டர், ஒண்ணு சொல்லணும். பத்து வயசுலதான் கவனிச்சோம்னு சொன்னேன். அது பொய். எட்டு வயசுலயே ஸ்கூல்ல சொன்னாங்க. நான்தான் கூட்டிகினு வரல."

பையிலிருந்து சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். மடிப்பில் கிழிந்திருந்தது. திட்டுவார் என்று தயாராகத்தான் போயிருந்தேன். திட்டு வாங்காமல் திரும்பக் கூடாது என்றுகூட இருந்தது. அவர் சீட்டைப் பிரித்துப் படித்தார்.

"அன்னைக்கு உயரம் எழுதியிருக்காங்களே. நூத்திப் பன்னெண்டு. தேதியும் இருக்கு." ஃபைலைப் புரட்டி அவளுடைய வளர்ச்சிக் கோட்டுப் படத்தை எடுத்தார். "இது எனக்கு ரொம்ப நாளா இல்லாம இருந்தது. எங்கேருந்து குறைய ஆரம்பிச்சதுன்னு தெரியாமலே பாத்துக்கிட்டிருந்தேன்." எட்டு வயதுக்கு நேராக ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து பத்து வயதுப் புள்ளிக்கு ஒரு கோடு இழுத்தார். கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. பார்க்க முடியவில்லை. ஆனாலும் பார்த்தேன்.

"முன்னாடியே வந்திருக்கணும்மா" என்றார் அப்புறம். சத்தமாகச் சொல்லவில்லை. "வந்திருந்தா நல்லது. இப்பவும் எலும்போட வளர்ற நுனி மூடல. இன்னும் சில வருஷம் இருக்கு. விடாம போடுங்க."

நர்ஸ் அளப்பதற்காக ஹெப்சியை உள் அறைக்கு அழைத்தாள். நான் எழவில்லை. திரும்பி வந்தவளிடம் எவ்வளவு என்று கேட்கவும் இல்லை. அவளும் சொல்லவில்லை. டாக்டர் எழுதினார், அவருக்குத் தெரியும், அது போதும்.

வெளியே வெயில் கொளுத்தியது. ஆஸ்பத்திரி எதிரில் உள்ள ஓட்டலில் உட்கார்ந்தோம். இவர் காபி மட்டும் சொன்னார். ஹெப்சி இரண்டு தோசை சாப்பிட்டாள். என் தட்டில் இருந்ததிலும் பாதியைப் பிய்த்துக்கொண்டாள். வேண்டுமா என்று நான் கேட்பதற்குள் பரிமாறுகிறவரைக் கைகாட்டிக் கூப்பிட்டு, "அண்ணா, இன்னொண்ணு" என்றாள்.